ஆவியாதலும் கொதித்தலும்: மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள கவர்ச்சி விசைகள்

கொதிக்கும் நீரிலிருந்து எழும் குமிழிகளுள் இருப்பது யாது என்று உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வினவினால், காற்று என்று சிலரும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று வேறு சிலரும் விடையளிப்பர். முதல் விடையில் ஒரு சிறு உண்மை உண்டு. நீரைச் சூடாக்கத் தொடங்கியதும் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு தோன்றும் நுண்ணிய குமிழிகள், நீரில் கரைந்திருந்த காற்று வெளிப்படுவதால் உண்டாகுபவை. ஆனால், நீர் தளதளவென்று கொதிக்கும்போது அடியிலிருந்து பெருகி எழும் குமிழிகளில் இருப்பது நீராவியே. இரண்டாவது விடை முற்றிலும் பிழையானது. எனினும் அதனை ஆசிரியர் ஒரு சொல்லில் தள்ளிவிடலாகாது. மூலக்கூறினுள் அணுக்களைப் பிணைத்து வைக்கும் விசையும், ஒரு மூலக்கூறை அடுத்த மூலக்கூறுடன் சேர்த்து வைக்கும் விசையும் ஒன்றே எனக் கருதுவதுதான் அப்பிழையின் வேர். அவ்வேரைக் களையாவிடின் ஆவியாதல், கொதித்தல், கரைதல் ஆகிய அனைத்துமே மாணவனுக்குக் குழப்பமாகவே இருக்கும்.

இவ்விரு விசைகளின் வலிமையில் உள்ள வேறுபாட்டை எண்களால் காட்டுவது நன்று. 18 கிராம் நீரை அதன் கொதிநிலையில் முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் ஆற்றல் போதுமானது. அதே 18 கிராம் நீரின் மூலக்கூறுகளைத் தனித்தனி அணுக்களாகப் பிரிப்பதற்கோ 920 கிலோஜூலுக்கும் மிகுதியான ஆற்றல் வேண்டும். அதாவது, முன்னதைப்போல் 22 மடங்கு. அடுப்பின் வெப்பம் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறதேயன்றி, எந்த மூலக்கூறையும் உடைப்பதில்லை. ஆவியைக் குளிர்வித்தால் அதே நீர் மீண்டும் கிடைப்பது இதனாலேயே.

கவர்ச்சி விசைகளின் வகைகள்

வாயுக்களின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சிறிதேனும் கவர்கின்றன என்பதை 1873ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் வான் டெர் வால்ஸ் தமது ஆராய்ச்சி நூலில் கணித முறையில் விளக்கினார். அக்கவர்ச்சி இல்லையேல் எந்த வாயுவும் எவ்வளவு குளிர்வித்தாலும் திரவமாகாது. அவர் பெயராலேயே இவ்விசைகள் இன்றும் வழங்குகின்றன.

ஹீலியம் போன்ற, மின்சமநிலை வாய்ந்த, எவற்றோடும் சேராத தனி அணுக்களும் ஒன்றையொன்று கவர்வது எப்படி என்னும் வினா நெடுநாள் விடையின்றி இருந்தது. அணுவிலுள்ள எலெக்ட்ரான்கள் ஓயாது இயங்குகின்றன. ஒரு கணத்தில் அவை ஒரு புறம் சற்றுக் கூடுதலாகத் திரண்டால், அப்புறம் எதிர்மின் தன்மையும் மறுபுறம் நேர்மின் தன்மையும் தோன்றும். இக்கணநேர ஏற்றத்தாழ்வு அருகிலுள்ள அணுவிலும் அதற்கு இயைந்த ஏற்றத்தாழ்வைத் தூண்டுகிறது. இரண்டும் மெல்லக் கவர்ந்துகொள்கின்றன. இவ்விளக்கத்தை 1930இல் லண்டன் என்னும் அறிஞர் அளித்தார். (இப்பெயர் நகரத்தைக் குறிப்பதன்று என்பதை வகுப்பில் சொல்லிவிடுவது நலம், மாணவர் பலர் அவ்வாறே எண்ணிக்கொள்கின்றனர்.)

எலெக்ட்ரான்கள் மிகுந்த பெரிய மூலக்கூறுகளில் லண்டன் விசை வலிமை பெறும். குளோரின், புரோமின், அயோடின் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து நோக்கினால் இது விளங்கும். குளோரின் சுழிக்குக் கீழ் 34 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால் அறையில் வாயுவாக உள்ளது. புரோமின் 59 டிகிரியில் கொதிக்கும் திரவம். அயோடின் திண்மம். மூன்றின் வேதியியல் குணங்களும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவையே. மாறுவது மூலக்கூறின் பருமனும் அதற்கேற்ற கவர்ச்சியுமே.

கல்லெண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள்களிலும் இவ்வொழுங்கு காணப்படுகிறது. ஒரு கார்பன் அணு உள்ள மீத்தேன் சுழிக்குக் கீழ் 161 டிகிரியிலும், மூன்று கார்பன் உள்ள புரோப்பேன் சுழிக்குக் கீழ் 42 டிகிரியிலும், நான்கு கார்பன் உள்ள பியூட்டேன் சுழியை ஒட்டியும், ஆறு கார்பன் உள்ள ஹெக்சேன் 69 டிகிரியிலும் கொதிக்கின்றன. சங்கிலி மேலும் நீண்டால் மண்ணெண்ணெய், டீசல், மெழுகு என்று வரிசை தொடர்கிறது. சமையல் வாயு உருளையில் புரோப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தால் திரவமாக்கி அடைக்கப்பட்டுள்ளன. லடாக் போன்ற இடங்களில் கடுங்குளிர் காலத்தில் உருளையில் எரிபொருள் இருந்தும் அடுப்பு மங்கி எரிவதற்குக் காரணம், அக்குளிரில் பியூட்டேன் ஆவியாக மறுப்பதே. புண்ணாக்கிலிருந்தும் அரிசித் தவிட்டிலிருந்தும் எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஆலைகளில் ஹெக்சேன் பயன்படுவதும் இக்குணத்தாலேதான். அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றாமையால், குறைந்த வெப்பத்திலேயே எண்ணெயை விட்டு நீங்கிவிடுகின்றன. அவ்வெளிய ஆவியே அவ்வாலைகளின் பேரபாயமும் ஆகும். காற்றைவிடக் கனத்த ஹெக்சேன் ஆவி தரையோடு தரையாகப் பரவி, தொலைவிலுள்ள ஒரு தீப்பொறியையும் எட்டிவிடும்.

ஹைட்ரஜன் பிணைப்பு

நீருக்கு இவ்வொழுங்கு பொருந்தவில்லை. ஆக்சிஜன் குடும்பத்தைச் சேர்ந்த தனிமங்கள் ஹைட்ரஜனுடன் கூடி உண்டாகும் பொருள்களை எடுத்துக்கொண்டால், டெல்லூரியச் சேர்மம் சுழிக்குக் கீழ் 2 டிகிரியிலும், செலினியச் சேர்மம் சுழிக்குக் கீழ் 41 டிகிரியிலும், கந்தகச் சேர்மம் சுழிக்குக் கீழ் 60 டிகிரியிலும் கொதிக்கின்றன. மூலக்கூறு சிறுக்கச் சிறுக்கக் கொதிநிலை தாழ்கிறது. இதே கணக்கில் நீர் சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 80 டிகிரியில் கொதித்திருக்க வேண்டும். அவ்வாறாயின் புவியில் ஆறும் கடலும் இரா. உண்மையில் நீர் கொதிப்பது 100 டிகிரியில்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன்பால் வலிந்து இழுத்துக்கொள்கிறது. ஆகவே ஹைட்ரஜன் அணுக்கள் நேர்மின் தன்மை பெற்று நிற்கின்றன. இவை அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை நாடிப் பற்றுகின்றன. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படுவது. 1920இல் லாட்டிமர், ரோடபுஷ் என்னும் இரு அமெரிக்க வேதியியலார் இக்கருத்தை வெளியிட்டனர். சாதாரண வேதிப் பிணைப்பின் வலிமையில் இருபதில் ஒரு பங்கு அளவே இதற்கு உண்டு. ஆயினும் லண்டன் விசையைவிடப் பன்மடங்கு வலியது. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சூழ நான்கு மூலக்கூறுகள் வரை இவ்வாறு பற்றிக்கொள்ள வல்லது.

இப்பிணைப்பின் விளைவை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் ஐயமறக் காட்டலாம். சாராயம் எனப்படும் எதில் ஆல்கஹாலும், டைமீதைல் ஈதரும் ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டவை: இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எடையும் ஒன்றே. ஆல்கஹாலில் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு நேரே இணைந்துள்ளது. ஈதரில் அவ்வாறு இல்லை. இச்சிறு மாற்றத்தால் முன்னது 78 டிகிரியிலும், பின்னது சுழிக்குக் கீழ் 24 டிகிரியிலும் கொதிக்கின்றன. நூறு டிகிரிக்கு மேற்பட்ட இவ்வேறுபாடு பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றினாலேயே நேர்வது. மூன்று இடங்களில் இப்பிணைப்பை அமைக்கவல்ல கிளிசரின் பாகுபோல் தடித்திருப்பதும், 290 டிகிரி வரை கொதியாதிருப்பதும் வியப்பன்று.

ஆவியாதல்

திரவத்தின் மூலக்கூறுகள் யாவும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. சில மெதுவாகவும், பல நடுத்தரமாகவும், மிகச் சில பெருவேகத்துடனும் இயங்குகின்றன. பரப்பை அடைந்த ஒரு விரைந்த மூலக்கூறு, தன்னைப் பின்னிழுக்கும் கவர்ச்சியை மீறும் ஆற்றல் உடையதாயின் வெளியேறிவிடும். விரைந்தவை வெளியேற மந்தமானவை எஞ்சுவதால் திரவம் குளிர்கிறது. மண்பானையின் சுவர் வழியே கசிந்து 1 கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,430 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெளிவெப்பம் உட்புகாதிருப்பின், இது 100 கிராம் நீரைக் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்விக்கப் போதும்.

இங்கு மாணவரைத் திகைக்கச் செய்யும் ஒரு வினா எழும். ஊசி போடுமுன் கையில் தடவப்படும் ஸ்பிரிட் நீரைவிட மிகுந்த குளிர்ச்சியைத் தருகிறது. ஆனால் 1 கிராம் ஆல்கஹால் ஆவியாகக் கொள்ளும் வெப்பமோ நீர் கொள்வதில் பாதிக்கும் குறைவு. விடை வேகத்தில் உள்ளது. 20 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் பாதரசக் கணக்கில் 17.5 மில்லிமீட்டர், ஆல்கஹாலுக்கு 44, மருத்துவத்தில் மயக்க மருந்தாக வழங்கிய டைஈதைல் ஈதருக்கு ஏறத்தாழ 440. கவர்ச்சி குறைந்த திரவம் அதே நேரத்தில் மிகுதியாக ஆவியாகிவிடுவதால், ஒவ்வொரு கிராமும் எடுத்துச் செல்வது சிறிதாயினும் மொத்தம் பெரிதாகிறது. நீர், ஸ்பிரிட் இரண்டிலும் ஒவ்வொரு துளியைக் கற்பலகையில் இட்டு, எது முதலில் மறைகிறது என்று பார்ப்பதும், ஒரு வெப்பமானியின் குமிழில் துணி சுற்றி முறையே இவற்றால் நனைத்துப் பார்ப்பதும் செலவற்ற சோதனைகள். பெட்ரோலையோ ஈதரையோ இதற்குப் பயன்படுத்துதல் கூடாது.

கொதித்தலும் உயரமும்

ஆவியாதல் பரப்பில் மட்டும், எல்லா வெப்பநிலையிலும் நிகழ்வது. கொதித்தல் திரவத்தின் உள்ளேயும் நிகழ்வது. உள்ளே ஒரு குமிழி தோன்றி நிலைக்க வேண்டுமாயின், அதனுள் இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு ஈடாக வேண்டும். ஆகவே கொதிநிலை என்பது திரவத்தின் குணம் மட்டுமன்று. அதன்மேல் அழுத்தும் காற்றையும் பொறுத்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏறுந்தோறும் நீரின் கொதிநிலை 1 டிகிரி தாழ்கிறது. சுமார் 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் நீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ மூட்டினும் வெப்பநிலை அதற்குமேல் ஏறாமையால் அங்குப் பருப்பு வேகாது. அழுத்த அடுப்புப் பாத்திரமாகிய குக்கர் அங்கு வசதிப் பொருளன்று, இன்றியமையாத் தேவை. குக்கரில் வெளியழுத்தத்திற்கு மேல் மற்றொரு வளிமண்டல அழுத்தம் சேரும்போது, சமவெளியில் நீர் 120 டிகிரியளவில் கொதிக்கிறது.

இவ்வுண்மையைக் கருவியாகக் கொண்டு நாடுகளை அளந்தவர்களும் உண்டு. குமாவூன் மலைப்பகுதியின் மிலம் கிராமத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நயின் சிங், டேராடூனில் இந்திய நில அளவைத் துறையினரிடம் பயிற்சி பெற்று, 1865இல் நேபாளத்தின் வழியே திபெத்திற்குப் புறப்பட்டார். அயலார் நுழையத் தடை இருந்தமையால் அவர் யாத்திரிகர் கோலத்தில் சென்றார். 108 மணிகள் இருக்க வேண்டிய செபமாலையில் 100 மணிகளே இருந்தன; அடிகளை எண்ணுவதற்கே அது பயன்பட்டது. கைத்தடியினுள் ஒரு வெப்பமானி மறைந்திருந்தது. வழியில் தங்கிய இடங்களில் நீரைக் கொதிக்கவைத்து வெப்பநிலையைக் குறித்து, அதிலிருந்து அவ்விடங்களின் உயரம் பின்னர்க் கணக்கிடப்பட்டது. 1866 ஜனவரியில் அவர் லாசாவை அடைந்தார். தேநீருக்கு நீர் காய்ச்சும் யாத்திரிகரை எவர் ஐயுறுவர்? இம்முறையில் வெப்பமானியை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு தவறாகப் படித்தாலும் உயரத்தில் 30 மீட்டர் பிழை நேரும் என்பதையும், அன்றைய வானிலையின் அழுத்த மாறுபாடும் அதனோடு சேரும் என்பதையும் எண்ணும்போதுதான் அவ்வேலையின் அருமை தெரியும்.

குமிழி தொடங்குவதற்கு ஓர் இடமும் வேண்டும். மிகத் தூய, வழவழப்பான கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் கொதிநிலையைத் தாண்டியும் அசையாதிருந்து, பின் திடீரெனப் பொங்கித் தெறிக்கலாம். நுண்ணலை அடுப்பில் சூடாக்கிய நீரும் சில வேளைகளில் இவ்வாறே செய்யும். சோதனைச்சாலையில் மெருகிடாத பீங்கான் சில்லுகள் இரண்டு மூன்றை, சூடாக்குவதற்கு முன்பே குடுவையில் இட்டால் இவ்வபாயம் நீங்கும்.

உப்பளங்களில்

குஜராத்தின் சிறிய ரண் பகுதியில் மழைக்காலம் முடிந்தபின் நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்திகளில் காயவைத்து உப்பெடுக்கும் தொழிலாளர்கள், மூலக்கூறு விசைகளோடு நேருக்கு நேர் போராடுபவர்கள் எனலாம். உப்பின் சோடியம், குளோரின் அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சூழ இழுத்து நிறுத்துகின்றன. பரப்பில் நீர் மூலக்கூறுகளின் பங்கும் குறைகிறது. ஆகவே ஆவி அழுத்தம் தாழ்கிறது. கடல்நீரில் இக்குறைவு நூற்றுக்கு 2 அளவே. ஆனால் உப்புப் படியும் செறிவை எட்டிய நீரில் ஆவி அழுத்தம் தூய நீரில் இருப்பதில் நான்கில் மூன்று பங்காகிவிடுகிறது. அத்தகைய நீர் கொதிப்பதும் 109 டிகிரியை ஒட்டியே.

இதன் விளைவு முக்கியமானது. செறிந்த உப்புநீரும் அதன் மேலுள்ள காற்றும் ஒரே வெப்பநிலையில் இருக்குமாயின், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டியதும் உப்புநீரிலிருந்து நீர் வெளியேறாது. மாறாகக் காற்றிலிருந்து உப்புநீருக்கே நீர் வந்து சேரும். கடற்கரை உப்பளங்களில் இரவில் காய்தல் நின்றுபோவதற்கும், மூட்டையில் இருக்கும் உப்பு மழைக்காலத்தில் கசிவதற்கும் காரணம் ஒன்றே. உப்பை வாரி எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு மிகுதி. மெக்னீசிய அயனி சோடியத்தைவிடப் பன்மடங்கு வலிமையாக நீரைப் பற்றுவது. அதன் செறிந்த கரைசல், ஈரப்பதம் நூற்றுக்கு 33க்கு மேற்பட்ட எக்காற்றிலிருந்தும் நீரை உறிஞ்சும். கசப்பு நீரைப் பாத்தியிலேயே விட்டுவைத்து மேலும் உப்பு விளையும் என்று காத்திருப்பது வீண். நேரத்தில் வடித்துவிடாவிடின் அது விளைந்த உப்பையும் ஈரமாக்கிவிடும்.

நீர்த்தேக்கங்களும் ஆவிமானித் தொட்டியும்

நீர்த்தேக்கங்களில் ஆவியாதலைத் தடுக்கவும் மூலக்கூறு விசைகளையே துணைக்கொள்ள முயன்றனர். பதினாறு கார்பன் நீளமுள்ள சீட்டைல் ஆல்கஹாலின் தலைப்பகுதி நீருடன் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். வால்பகுதிகள் லண்டன் விசையால் ஒன்றோடொன்று நெருங்கி, நெற்பயிர்போல் நிமிர்ந்து நிற்கும். ஒரே மூலக்கூறு கனமுள்ள இப்படலம் நீர் மூலக்கூறுகள் வெளியேறுவதைத் தடுக்கிறது. ஒரு ஹெக்டேர் பரப்பை மூட 20 கிராம் போதும் என்று கணக்கிடலாம். இத்தகைய படலங்கள் ஆவியாதலைக் குறைப்பதை 1925இல் ரைடீல் காட்டினார். 1950க்குப் பின் ஆஸ்திரேலியாவிலும், அமெரிக்காவிலும், இந்தியாவிலும் ஏரிகளில் சோதனைகள் நடைபெற்றன. சோதனைச்சாலையில் கண்ட பயன் வெளியில் முழுமையாகக் கிட்டவில்லை. காற்று படலத்தைக் கரையோரம் ஒதுக்கிவிடும், அலை கிழித்துவிடும். நாள்தோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் கணக்கிட்ட 20 கிராம் ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது. சமையல் எண்ணெய் எதனையாவது ஊற்றினால் ஆகாதோ என்று கேட்பார் உண்டு. அவ்வெண்ணெய்களின் சங்கிலிகள் வளைந்தவை. நெருங்கி நிற்க இயலாமையால் அவற்றின் ஒற்றைப் படலம் நீரைப் பெரிதும் தடுப்பதில்லை.

ஆயினும் தடித்த எண்ணெய்ப் படலம் வேறு. அது ஆவிமானித் தொட்டியில் படிந்தால் அளவீடு கெடும். இந்திய வானிலைத் துறையின் நிலையங்களில் உள்ள தொட்டி 122 சென்டிமீட்டர் விட்டமும் 25.5 சென்டிமீட்டர் ஆழமும் உடையது. செப்புத் தகட்டால் செய்து, வெளியே வெண்மை பூசி, மரச்சட்டத்தின்மேல் வைக்கப்படுவது. பறவைகளும் விலங்குகளும் நீரைக் குடியாதபடி மேலே கம்பிவலை உண்டு. வலையின் நிழலால் ஆவியாதல் ஏறத்தாழ நூற்றுக்கு 14 குறைகிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். தொட்டி ஆழமற்றது, பக்கச் சுவர்களும் வெப்பத்தை ஏற்கின்றன. ஆகவே அருகிலுள்ள ஏரியைவிட அதில் ஆவியாதல் மிகுதி. ஏரிக்குக் கணக்கிடும்போது தொட்டியின் அளவை 0.8ஆல் பெருக்குவது வழக்கம்.

குறித்த அளவு பொருத்தமானதா என்று அறியப் பணியாளர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு சதுரமீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 கிலோகிராம். அதனை ஆவியாக்க 2.43 மெகாஜூல் வேண்டும். கோடையில் தெளிந்த நாளொன்றில் சூரியனிடமிருந்து ஒரு சதுரமீட்டருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 25 மெகாஜூல். ஆகவே 10 மில்லிமீட்டர் என்பது வெயிலின் ஆற்றல் முழுவதையும் உண்ணும் அளவு. இராஜஸ்தானத்தில் வறண்ட வெங்காற்று வீசும் மே மாதத்தில், காற்றே வெப்பத்தைக் கொணர்ந்து சேர்ப்பதால், இதனைத் தாண்டிய அளவுகளும் உண்மையாக வருவதுண்டு. ஆனால் மேகமூட்டமான, காற்றடங்கிய நாளில் 10 மில்லிமீட்டர் பதிவானால் தொட்டி ஒழுகுகிறதா, வலை கிழிந்து எருமை ஏதும் வாய்வைத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். கடுங்கோடையில் 3 மில்லிமீட்டர் மட்டுமே பதிவானால், நீரின்மேல் எண்ணெயோ பாசியோ படிந்துள்ளதா என்று நோக்கி, தொட்டியைக் கழுவிப் புதுநீர் நிரப்பி, அந்நாளின் பதிவேட்டில் அதனைக் குறித்தல் வேண்டும்.